எந்தக் கடிதம்?

"எந்தக் கடிதம்? கிராக்ஸ்டாட் எழுதியதா? அதற்கும் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு? நாடகத்தில் உள்ளதை எழுதவும்."

நான் எழுதியதுதான், ஒரு மாணவனின் நோட்டில். சிவப்பு மையில், பக்கத்தின் ஓரத்தில், கடைசி வரி இடம் போதாமல் வளைந்து மேலே ஏறியிருக்கிறது. கீழே 4/10 என்று போட்டு வட்டமிட்டிருக்கிறேன். அந்த வட்டத்தைப் பார்த்தாலே தெரியும், எழுதிய கைக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

நோட்டு இன்னும் என் பீரோவில்தான் கிடக்கிறது. இன்டர்னல் மார்க் போட்ட கட்டை யாரும் திரும்ப வாங்க வரவில்லை, நானும் எடைக்குப் போடவில்லை.

பாடம் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகம். கிராக்ஸ்டாட் அதில் நோராவுக்குக் கடன் கொடுத்துவிட்டுக் கடிதம் எழுதி மிரட்டுகிறவன். கணவனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு நோரா கதவைச் சாத்திவிட்டுப் போகிற அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி அந்த மாணவன் எழுதியது மொத்தம் ஆறு வரி. மற்றவர்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அவன் எழுதியது இது:

"கதவு சாத்துகிற சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்டிருக்காது. மூன்று பேரும் தூங்குகிறார்கள். காலையில் எழுந்து கேட்டால் யார் சொல்வார்கள் என்று தெரியவில்லை. அப்பா சொல்லமாட்டார். வீட்டில் ஏற்கெனவே இது பழக்கமானவர் ஒருவர் இருக்கிறார். கடைசியில் இரண்டு கடிதம்தான் மிஞ்சும்."

இதைப் படித்ததும் எனக்கு வந்தது எரிச்சல். அதை மறைப்பதில் பயனில்லை. அன்றைக்கு அறுபத்து இரண்டு நோட்டு திருத்த வேண்டியிருந்தது, அவனுடையது ஐம்பதைத் தாண்டி வந்திருக்கும். ஆனால் களைப்பு மட்டும் காரணம் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எரிச்சலுக்குப் பின்னால் ஒரு படிப்பும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் ஏதோ அலட்சியத்தால் தவறியதாக ஆகிவிடும். உண்மையில் எனக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம்தான் கண்ணை மறைத்தது.

'பொம்மை வீடு' நடத்தும்போது வருஷா வருஷம் ஒரு கதை சொல்வேன். நாடகம் 1879இல் வந்தது. மறு வருஷமே ஜெர்மனியில் மேடையேற்ற இருந்தபோது, நோராவாக நடிக்க இருந்தவர் அந்த முடிவில் நடிக்க மறுத்துவிட்டார். தன் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தான் ஒருநாளும் போகமாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். வேறு யாரோ கைவைப்பதற்கு முன் நாமே செய்துவிடலாம் என்று இப்சனே ஒரு மாற்று முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் ஹெல்மர் நோராவைப் பிள்ளைகள் தூங்கும் அறை வாசலுக்கு இழுத்துப் போகிறான். நாளைக்கு எழுந்து அம்மா என்று கூப்பிடுவார்கள், அப்போது தாயில்லாப் பிள்ளைகள் என்கிறான். அவள் அங்கேயே சரிந்து விழ, திரை. நாடகத்துக்குச் செய்த காட்டுமிராண்டித்தனம் என்று அதை எழுதியவரே சொன்னார்.

இதைச் சொல்லும்போது வகுப்பு சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். நாடகத்தின் நோராவையும் மேடையில் நிற்கும் தன்னையும் குழப்பிக்கொண்ட நடிகை என்பது சிரிப்புக்குத் தோதான விஷயம்தானே. அந்த வாரமும் சொன்னேன், சிரித்தோம். நாலு நாள் கழித்து இவன் நோட்டில் தூங்கும் பிள்ளைகளும் காலையில் எழுவதும் வந்ததும் என் மனம் ஒரே தாவலில் முடிவுகட்டிவிட்டது. இவன் அந்த நடிகையின் கட்சி. இவ்வளவு சொல்லியும் ஏறவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஸ்டாஃப் ரூமில் யாரோ ஒருமுறை, "அந்தப் பையன் வீட்ல ஏதோ பிரச்சினை, அம்மா கூட இல்ல போல" என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. உண்மையா என்று எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. "வீட்டில் ஏற்கெனவே இது பழக்கமானவர் ஒருவர்" என்ற வரியை அந்தப் பேச்சோடு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சொந்தக் கதையை நாடகத்துக்குள் கொண்டுவருகிறான் என்று நினைத்தேன். அதைத் தோண்டக் கூடாது என்கிற நாசூக்கும் எனக்கு இருந்தது. அந்த நாசூக்கை நினைத்து அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மார்க்கைக் குறைத்தேன், காரணம் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

இதற்கும் ஏடு எடுத்து நியாயம் சொல்லலாம். கேம்பிரிட்ஜில் விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை வைத்து 1929இல் ஒரு புத்தகமே போட்டார். வாசகன் சறுக்குகிற இடங்களை அதில் பட்டியலிடும்போது, கவிதைக்குச் சம்பந்தமில்லாத சொந்த ஞாபகம் இடையில் புகுந்துவிடுவதை ஒன்றாகச் சொல்கிறார். நான் எம்.ஏ. படித்தபோது அடிக்கோடிட்டு வைத்திருந்த பக்கம். அதே பட்டியலில் இன்னொரு சறுக்கலும் உண்டு. வாசகனிடம் ஏற்கெனவே தயாராக இருக்கிற எதிர்வினை, கவிதையைப் பார்த்ததும் பொத்தானை அழுத்தியதுபோலக் கிளம்பிவிடுவது. அதை அடிக்கோடிட்டதாக ஞாபகம் இல்லை.

சரி, நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். அதிகம் போனால் ஒரு நிமிஷம்.

வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அவன் நோட்டோடும் நாடகப் புத்தகத்தோடும் மேஜைக்கு வந்தான்.

"மேடம், தோணினதை எழுதச் சொன்னீங்க."

"ஆமாப்பா. ஆனா நாடகத்துலேர்ந்து தோணணும்ல?"

"நாடகத்துலேர்ந்துதான் மேடம்."

"எங்க இருக்கு? காட்டு பார்ப்போம்."

புத்தகத்தைப் பிரித்தான். பக்கங்களைத் தள்ளினான். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள், ஒருத்தி போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். கிளம்புகிறேன் என்று சொல்லாமல் சொல்கிற அசைவு, வாத்தியார்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவனுக்கும் புரிந்தது. புத்தகத்தை மூடி, "சரி மேடம்" என்றான்.

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்ததா என்றும் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் இடம் இல்லை என்றால் சொல்வோமே, அப்படி ஒரு சரி.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அவன் கட்டைவிரல். புத்தகத்தின் நடுப்பகுதியில் இருந்தது. நோரா வெளியேறுவது கடைசி இரண்டு பக்கத்தில். இவனுக்கு இடமே தெரியவில்லை, படிக்காமல் எழுதியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் போயிற்று. வேறு வகுப்பு. பாத்திரம் பிரித்துக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாம் அங்கம் தொடக்கத்தில் நோராவும் வயதான தாதியும் பேசுகிற சின்ன இடம் உண்டு. அதிலிருந்து கேள்வி வந்து நான் பார்த்ததில்லை என்பதால் வேகமாக ஓட்டிவிடுவேன். அன்று தாதியாகப் படித்த பெண்ணுக்கு வாசிப்பு தடுமாறும். எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நான் பதிவேட்டில் வராதவர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

சொந்தக் குழந்தையை அந்நியர்களிடம் விட்டுவிட்டு வர உனக்கு எப்படி மனம் வந்தது என்று நோரா தாதியிடம் கேட்கிறாள். சின்ன நோராவுக்குப் பாலூட்ட வரவேண்டியிருந்ததே, என்ன செய்வது என்கிறாள் அவள். உன் மகள் உன்னை மறந்திருப்பாளே என்கிறாள் நோரா. இல்லையே என்கிறாள் தாதி. மகள் எழுதினாளாம். சபையில் திடப்படுத்தல் என்கிற கிறிஸ்தவச் சடங்கு பெற்றபோது ஒன்று. கல்யாணம் ஆனபோது ஒன்று.

இரண்டு கடிதம்.

பேனா பதிவேட்டில் அப்படியே நின்றது. அந்தப் பெண் நான் நிறுத்தச் சொன்னதாக நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். "படி, படி" என்றேன்.

அன்று சாயங்காலம் பீரோவைத் துழாவி நோட்டை எடுத்தேன். ஆறு வரியும் கண்ணாடிபோலத் தெரிந்தன. பழக்கமானவர் ஒருவர் என்றது தாதியை. நோராவின் பிள்ளைகளை நாளைக்கு வளர்க்கப்போவது, தன் மகளை விட்டு வந்த அதே கை. என்னைவிட நல்ல கைகளில் இருக்கிறார்கள் என்று நோராவே போகும்போது சொல்கிறாளே, அது எந்தக் கை? பிள்ளைகள் வளர்ந்து அம்மாவுக்கு எத்தனை தடவை எழுதுவார்கள் என்பதற்கு நாடகத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது, அதை அவன் பிடித்துவிட்டான். கட்டைவிரல் இருந்த இடம் இரண்டாம் அங்கம். சரியான இடத்துக்கு வந்துகொண்டிருந்தான், நான் பதிவேட்டைத் தூக்கிவிட்டேன்.

அந்த நடிகையின் கட்சி என்று நினைத்தேன் அல்லவா, அதுவும் இல்லை. நோரா போகக்கூடாது என்று ஆறு வரியில் எங்குமே இல்லை. போனால் என்ன மிஞ்சும் என்று மட்டும் சொல்கிறான். நாடகத்தில் கிராக்ஸ்டாடின் கடிதமும் இரண்டுதான், முதலில் மிரட்டல், அப்புறம் கடன் பத்திரத்தைத் திருப்பி அனுப்புவது. அதனால் நான் குழம்பியது நியாயம்தான் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். 'தாதி' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் இந்தப் பாடு இல்லை. படிப்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவதும் பாடம்தான், அதைச் சொல்லித்தரத்தான் எனக்குச் சம்பளம். மனதில் இருப்பதற்கெல்லாம் மார்க் போட முடியாது. இதைச் சொல்லும்போதே இன்னொரு குரல் வருகிறது. பதினோரு வருஷமாக அந்த நாடகத்தை நடத்துகிறவளுக்கு எழுதுகிறோம், அவளுக்குத் தெரியாதா என்று அவன் நம்பியிருக்கலாம். நண்பரிடம் பேசும்போது பாதி சொல்லி நிறுத்துவோமே, அந்த உரிமையில் எழுதியிருக்கலாம்.

அவனை எனக்கு அடையாளம் தெரிந்திருக்கவும் வேண்டும். அதே நோட்டில் முன் பக்கத்தில் 'ஈடிபஸ்' என்ற கிரேக்க நாடகத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். ராஜாவைப் பற்றி ஒரு வரி இல்லை, முழுக்க அந்தக் கிழ ஆட்டிடையன்தான். குழந்தை ஈடிபஸைக் கொல்லச் சொல்லியும் மனம் வராதவன் அவன் ஒருவன், கடைசியில் கையைப் பின்னால் கட்டச் சொல்லி மிரட்டப்படுபவனும் அவன்தான் என்று எழுதியிருக்கிறான். "நல்ல கவனிப்பு" என்று போட்டு 7 கொடுத்திருக்கிறேன். மேடையின் ஓரத்தில் நிற்கிறவர்களைப் பார்க்கிற கண் இது என்று ஒரு மாசத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது, அப்புறம் மறந்துவிட்டது.

தமிழ்த்துறையில் ஒரு தோழி இருக்கிறார். அவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் தொல்காப்பியத்துக்குப் போய்விட்டார், எப்போதும் போகிற இடம்தான். அழுகைக்கு நான்கு காரணம் சொல்லியிருக்கு, இளிவு, இழவு, அசைவு, வறுமை; உங்க பையன் எழுதினது இழவு, அதாவது இழப்பு; நீங்க கொடுத்தது இளிவு, அதாவது அவமானம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தூக்கம் பிடிக்கவில்லை.

ஸ்டாஃப் ரூம் பேச்சு உண்மையாகவே இருந்தாலும் அந்த ஆறு வரி நாடகத்தில் இருப்பதுதான். பொய்யாக இருந்தாலும் அதேதான். ஆனால் அந்த அனுபவம் உள்ள ஒருவன்தான் தாதியின் பதிலில் நின்று இரண்டு என்று எண்ணியிருப்பானோ என்றும் தோன்றுகிறது. பதினோரு வருஷத்தில் நான் எண்ணவில்லையே. அப்படியானால் சொந்த ஞாபகம் சறுக்கலா, பிடிமானமா? யோசித்து ஒரு முடிவுக்கும் வரவில்லை. நாளைக்கே வேறொருவன், நாடகத்தில் இல்லாத பாட்டியைப் பற்றி மூன்று பக்கம் எழுதித் தந்தால் நான் அதே சிவப்பு மையில் அதே வரியைத்தான் எழுதுவேன். எழுதியும் இருக்கிறேன், போன மாசம்.

அந்த 4க்குப் பிறகு அவன் எழுதியதெல்லாம் ஒழுங்கு. ஒன்றரைப் பக்கம், அறிமுகம், மூன்று பத்தி, முடிவுரை. "ஆசிரியர் சமூகத்தின் போலித்தனத்தைத் தோலுரித்துக் காட்டுகிறார்." 8, 8, 9. திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். செமஸ்டரிலும் நல்ல மார்க். அதுவும் என் பாடத்தின் பலன்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை, அவனுக்கு அந்த மார்க் தேவைப்பட்டும் இருக்கலாம்.

அவனைத் தேடிப் பிடித்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? "நீ சொன்னது இரண்டாம் அங்கத்துல இருக்குப்பா" என்றா? அவனுக்குத் தெரியாததா அது.

நோட்டை வைப்பதற்கு முன் கடைசிப் பக்கங்களை ஒருமுறை புரட்டினேன், இன்னொரு ஆறு வரி எங்காவது கிடைக்குமா என்று. ஒரே ஓர் இடம் இருந்தது. வேறொரு நாடகம், முடிவுரைக்கு மேலே இரண்டு வரி எழுதி, பிறகு ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி குறுக்கும் நெடுக்குமாக அடித்திருக்கிறான். பக்கத்தில் என் சிவப்பு மை: "அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப் பழகவும். 9/10."