கடைசி நிரலில் எழுதியவை

மூன்றாம் வருடத்தில் எங்களுக்குப் பொதுக் கொள்கை ஒரு பாடம். அதற்காக மூன்று மாதம் எங்காவது உள்ளகப் பயிற்சி எடுக்க வேண்டும். கூட்டாளிகள் வங்கி, என்ஜிஓ என்று போக, நான் கொழும்புப் பக்கத்து உள்ளூராட்சி சபை ஒன்றைக் கேட்டேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

இடம் எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. துறைத்தலைவரின் கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் சிங்களப் பிரதி கேட்டார்கள். அதைக் கொண்டுபோனால் மேலிடத்து அனுமதி வேண்டும், சேர் கூட்டத்தில் என்றார்கள். "ஹெட்ட எண்ட நங்கி." நாளைக்கு வா தங்கச்சி. அப்படி நான்கு நாளைகள் கழிந்த பிறகு ஒரு கதிரை கிடைத்தது.

அது 2024. சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. (கடைசியில் 2025 மே 6இல்தான் நடந்தது.) உறுப்பினர்கள் இல்லாததால் சபை மண்டபம் பூட்டிக் கிடந்தது, அதிகாரிகளே எல்லாம் பார்த்தார்கள். வழக்கமாக உறுப்பினர் வீட்டு வாசலில் சொல்லப்படும் முறைப்பாடுகளும் நேரே கவுண்டருக்கு வந்தன. கொள்கை படிக்க வந்த என்னை அந்த முறைப்பாட்டுப் பதிவேட்டின் முன்னால் உட்கார வைத்தார்கள்.

திகதி, பெயர், விலாசம், விடயம், கடைசியில் 'குறிப்பு'. அந்தக் கடைசி நிரலில்தான் ஒரு முறைப்பாட்டின் தலையெழுத்து இருந்தது.

இரண்டாம் கிழமை ஒரு ஐயா வந்தார். தெருமுனைக் குழியைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். "பிள்ளை, போன மாதமும் வந்து சொன்னனான்." பதிவேட்டைப் புரட்டினால் உண்மைதான், இருந்தது. எதிரே குறிப்பு: 'வீதி எவருடையது?'

பிரதம எழுதுநர் அக்கா பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே விளக்கினார். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாணத்துக்கு, மிச்சம் எங்களுக்கு. காலி வீதி ஏ2, அதைத் தொட எங்களுக்கு அதிகாரமில்லை. அந்தக் குழியோ ஒழுங்கை பெரிய வீதியில் ஏறுகிற இடத்திலேயே விழுந்திருந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடா பிடித்து அளந்துவிட்டு வந்து, "பாதிக் குழி எங்களுடையது" என்றார். அவர் பகிடி விடவில்லை. தெருவிளக்கிலும் இதே கதை: கம்பம் மின்சார சபைக்கு, பல்பு எங்களுக்கு. நான் மூன்று வருடம் படித்த எந்த விரிவுரையிலும் பாதிக் குழி வரவில்லை.

தமிழில் எழுதி வந்தவை வேறு வழியில் போயின. அவற்றின் குறிப்பில் 'மொழிபெயர்ப்புக்கு' என்று எழுதி, ஒரு பச்சைத் தட்டில் போடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் பதவி காலியாக இருந்தது. நான் வந்த பிறகு மத்தியானங்களில் அந்தத் தட்டை நான்தான் காலி செய்தேன். அடியில் கிடந்தவற்றில் போன வருடத்துக் கடிதங்களும் இருந்தன.

என் அறிக்கைக்கு ஒரு முறைப்பாடு முடிய எத்தனை நாள் எடுக்கிறது என்ற கணக்கு வேண்டியிருந்தது. அந்தத் தொகுப்பு மேல்மாடிப் பிரிவில். போய்க் கேட்டால், "எழுத்தில் கேளுங்கோ மிஸ்." சரி என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பம் எழுதினேன். கீழே வந்து, கவுண்டரில் என் விண்ணப்பத்தை நானே வாங்கி, நானே 'பெறப்பட்டது' முத்திரை குத்தி, பதிவேட்டில் நானே பதிந்தேன். அக்கா சிரித்துச் சிரித்து இருமினார்.

14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்பே என் பயிற்சி முடிந்துவிட்டது. அறிக்கையை என்னிடம் இருந்ததை வைத்து எழுதிக் கொடுத்தேன், தேறியது.

சான்றிதழ் வாங்க ஒரு மாதம் கழித்துப் போனேன். கவுண்டரில் புதிதாக ஒரு தம்பி இருந்தார். என் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்டேன். பதிவேட்டில் விரலை ஓட்டிக் கடைசி நிரலில் நிறுத்தினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பச்சைத் தட்டை என் பக்கம் தள்ளினார். மேலாக இருந்தது என் கையெழுத்து.