யாருடைய கூற்று?

உறவுகளைப் பற்றிப் பேச இளைஞர்களைக் கூட்டி உட்கார வைத்து, "உனக்கு எப்படிப்பட்ட துணை வேண்டும்?" என்று நேராகக் கேட்டால் பதில் வராது. அதே பிள்ளைகளுக்கு ஒரு காதல் பாட்டைப் போட்டுவிட்டு, "இவர் செய்வது சரியா?" என்று கேட்டால் அறை சூடுபிடித்துவிடும். பேச்சு பாட்டில் வரும் ஆளைப் பற்றியது, தன்னைப் பற்றியது அல்ல என்பதால் வரும் துணிச்சல் அது. அந்த மறைப்பைக் கிழிக்காமல் காப்பதே அமர்வை நடத்துபவரின் பாதி வேலை. "உன் வாழ்க்கையில் இப்படி நடந்திருக்கிறதா?" என்ற ஒரே கேள்வி போதும், எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

குழுவில் 8 முதல் 12 பேர் இருக்கலாம். அதற்கு மேல் போனால் நாலு பேர் பேச, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 75 நிமிடத்துக்கு ஒரு பாட்டே போதும், மிஞ்சினால் இரண்டு. பாட்டைத் தேர்வு செய்ய வேண்டியவர்கள் இளைஞர்கள்தான். ஒரு வாரம் முன்பே தங்கள் பெயரை எழுதாமல் பாட்டை மட்டும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லலாம். தனக்குப் பிடித்த பாட்டைப் பிறர் அலசும்போது வலிக்கும். அது யாருடைய பாட்டு என்று தெரியாமல் இருப்பது நல்லது. நடத்துபவர் எல்லாவற்றையும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

பாட்டை மூன்று முறை எடுத்துக்கொள்கிறோம். முதல் முறை கையில் தாள் இல்லாமல் வெறுமனே கேட்பது; முடிந்ததும் மனதில் பட்டதை ஒரே சொல்லில் எழுதுவது. இரண்டாம் முறை, வரிகளுக்கிடையே தாராளமாக இடம்விட்டு அச்சிட்ட தாளோடு. அக்கறையும் மதிப்பும் தெரியும் வரிக்குப் பச்சை, வற்புறுத்தலோ சந்தேகமோ மிரட்டலோ தெரியும் வரிக்குச் சிவப்பு. மூன்றாம் முறை மெட்டு இல்லாமல் வாய்விட்டு வாசிப்பது. எங்கள் வேலையில் அதிகம் கண் திறப்பது இங்கேதான். "நீ இல்லையென்றால் செத்துப்போவேன்" என்பது மெட்டில் உருக்கமாக இருக்கும். வெறும் பேச்சாக வாசித்தால் மிரட்டலாகக் கேட்கும். பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் யோசிக்கும் முன்பே அந்த வரி மனப்பாடம் ஆகிவிடுகிறது.

ஒரே வரிக்குச் சிலர் பச்சையும் சிலர் சிவப்பும் அடிப்பார்கள். உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. "இந்த வரி பச்சையாக இருக்க, முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். சம்மதம் கேட்டிருக்க வேண்டும், சரி என்ற பதில் வந்திருக்க வேண்டும், நாளை மனம் மாறினால் மறுக்க முடிய வேண்டும் என்று அவர்களே வரிசையாகச் சொல்வார்கள்.

சங்க இலக்கியத்தின் காதல் பாடல்களான அகப்பாடல்களைப் படிக்கும்போது, இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, அதாவது பேசுவது யார் என்றுதான் முதலில் பார்க்கிறோம். இங்கும் அதே கேள்விதான். பெரும்பாலான காதல் பாட்டுகளில் பாடுபவர் ஒருவர். யாரை நோக்கிப் பாடுகிறாரோ அவருக்குக் குரலே இல்லை. அவருடைய கூற்றாக நாலு வரி எழுத வைப்பதே இந்த அமர்வின் உயிர். இருவர் இருவராக, 20 நிமிடம். முதலில் மெட்டைத் தத்தகாரத்தில், அதாவது சொற்கள் இல்லாமல் "தன்னன்னா" என்று பாடிச் சந்தத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சொற்கள் நீண்டு தாளத்தை விட்டு வழியும். எதுகைக்காக ஓடிப் பொருளைத் தொலைப்பவர்களும் உண்டு. எதுகை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட வராதவர்கள் தாளத்தின் மேல் பேசலாம். ஆண், பெண் என்று பிரிக்காமல் பாடுபவர், கேட்பவர் என்றே சொன்னால் யாரும் ஒதுங்கி நிற்க நேராது.

எழுதி வருவது பெரும்பாலும் "சரி" அல்லது ஒரு வசை. அதனால் மூன்று பதில் கேட்கிறோம்: சம்மதம், மறுப்பு, "எனக்கு இன்னும் தெரியவில்லை". மூன்றாவதை எழுதத்தான் மிகவும் திணறுவார்கள். அதற்கு நேரம் கொடுங்கள்.

தாளப் பயிற்சி ஒன்றும் உதவும். ஒருவர் மேசையில் தட்ட, மற்றவர் பின்தொடர வேண்டும்; 2 நிமிடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற அளவில் மெதுவாகத் தொடங்க வேண்டும். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். வேகம் தானாக ஏறும். யார் ஏற்றினார், மற்றவர் விரும்பித் தொடர்ந்தாரா, வேண்டாம் என்று சொல்ல முடியாமல் தொடர்ந்தாரா என்று பிறகு கேட்கலாம். சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போகும் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு ஜோடிக்கு மேல் வேண்டாம்.

பெரிய தவறு ஒன்று உண்டு: "இது கெட்ட பாட்டு" என்று பெரியவர் சொல்லிவிடுவது. பிள்ளைகள் பாட்டுக்காக வாதாடத் தொடங்கி, அதில் உள்ள நடத்தைக்கும் சேர்த்து வாதாடிவிடுவார்கள். மெட்டைப் பிடிக்கும், அந்த வரியை ஏற்க முடியாது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பொறுப்பானவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் பாட்டுக்கு முன்பே சொல்லுங்கள். பின்னால் சொன்னால் அது துரோகமாகத் தெரியும். பாட்டு யாரையாவது உலுக்கி எழுந்து போக வைக்கலாம்; கதவருகே இன்னொரு பெரியவர் இருக்கட்டும். யாராவது அழுதால் பாட்டைப் பட்டென்று நிறுத்தாமல் ஒலியை மெல்லக் குறையுங்கள், எல்லார் முன்னும் காரணம் கேட்காதீர்கள். இசை சிகிச்சை பயிலாதவர் அதற்கு மேல் தோண்டக் கூடாது. ஆலோசகரிடம் கொண்டு சேர்ப்பதே சரி.

கடைசி 5 நிமிடம் அவர்கள் விரும்பும் பாட்டு, கேள்வி எதுவும் இல்லாமல். வண்ணமடித்த தாள்களைச் சுவரில் ஒட்ட வேண்டாம். கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள். அவரவர் தாளை அவரவரே எடுத்துப் போகட்டும்.