அட்வான்ஸில் ஓடும் தொழில்

24 மார்ச் 2020, செவ்வாய்

மாலை 6 மணியோடு மாநிலம் அடைத்துக்கொண்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார்: கொரோனா ஊரடங்கு, 21 நாட்கள். நான் உள்ளலங்காரம் செய்துகொண்டிருந்த சென்னை பெரும்பாக்கம் வீட்டுக்கு மதியமே போய் வேலையை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். படுக்கையறை அலமாரியின் ஏழடிக் கதவுகளான ஷட்டர்களுக்கு வெளிப்பக்கம் மட்டும் மைக்காத் தகடு ஒட்டியிருந்தார்கள். உள்பக்கத்துக்கு இன்னும் ஒரு நாள் தேவை. "இப்படியே விட்டுப்போனால் நல்லதில்லை மேடம்" என்றார் மேஸ்திரி. விழுப்புரம் பக்கத்துக்காரர், அவர் சொன்னால் காரணம் இருக்கும். ஆனால் வேறு வழியில்லை. சுவரில் சாய்த்துவைத்துப் பூட்டினோம்.

இந்த உள்ளலங்காரத் தொழிலின் பணக்கணக்கை வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். வேலை தொடங்கும்போது வீட்டுக்காரர் பாதிப் பணம் தருவார். அலமாரிப் பெட்டிகள் ஏறி நின்றதும் 40 சதவீதம். சாவி கொடுக்கும் நாளில் மீதி 10. என் லாபம் அந்தப் பத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் இழுத்துப் பிடிப்பதும் அந்தப் பத்தைத்தான். ஆகவே அடையாறு வீட்டின் அட்வான்ஸில் பெரும்பாக்கம் வீட்டுக்குக் கீல் வாங்குவோம். அடுத்து வரும் வீட்டின் அட்வான்ஸில் அடையாற்றுக்குப் பலகை. என்னைப் போன்ற சிறு கடைகள் பலவும் ஓடுவது இப்படித்தான். வரைபடம், நிறம், ரசனை எல்லாம் முகப்பு. புது வீடு வருவது நின்ற அன்று எல்லா வீடுகளும் சேர்ந்து நிற்கும். இன்று அதுதான் நடந்திருக்கிறது.

19 ஏப்ரல் 2020, ஞாயிறு

மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார். அவருக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது, கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணம் இப்போது சைடன்ஹாம்ஸ் சாலைக் கடையின் கிடங்கில் எட்டடிக்கு நான்கடி பிளைவுட்டாக அடுக்கிக் கிடக்கிறது. கடைக்கார சேட்டுக்கு போன் செய்தேன். "ஹரியானாவில் யமுனாநகர் பிளைவுட் மில்காரனுக்கு நான் கடன்காரன், எனக்கு நீங்கள். லாரி ஓடாதவரை யாரும் யாரையும் கேட்க முடியாது அம்மா, நிம்மதியாக இருங்கள்" என்றார். சிரிப்பு வந்தது.

மேடவாக்கத்தில் ஒரே அறையில் தங்கியிருக்கும் உத்தரப்பிரதேசத் தச்சர்களுக்கு நிவாரணமாகக் கிடைத்தது அரிசி. அவர்களுக்கு வேண்டியது கோதுமை மாவு. தெருமுனை மளிகைக் கடைக்கு கூகுள் பே வழியாகப் பணம் போட்டுவிட்டேன்.

17 மே 2020, ஞாயிறு

தொழில்களுக்கு ரூ.3 லட்சம் கோடி பிணையில்லாக் கடன் என்று நிதியமைச்சர் அறிவித்ததும் வங்கிக்கு ஓடினேன். பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை தருவார்களாம். எனக்கு வங்கியில் கடனே இல்லை. பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு என்று மேலாளரிடமே கேட்டேன். அவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் ஒரு கணம் யோசித்தார். நான் கடன்பட்டிருப்பது சேட்டுக்கும் வீட்டுக்காரர்களுக்கும். அதை எந்தப் பேரேட்டிலும் கடன் என்று எழுதுவதில்லை.

தச்சர்கள் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போய்விட்டார்கள். உளிப் பெட்டிகளை என் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வருவார்கள் என்றுதான் அர்த்தம்.

9 ஜூலை 2020, வியாழன்

பெரும்பாக்கம் வீட்டைத் திறந்தோம். மேஸ்திரி மார்ச்சில் பயந்தது நடந்திருந்தது. ஒரு ஷட்டரைத் தரையில் குப்புறப் போட்டார். முனைகள் இரண்டும் தரையில் படிந்திருக்க, நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. மைக்கா ஒட்டிய பக்கம் அசையவில்லை. ஒட்டாத வெறும் பக்கம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரிந்திருக்கிறது. ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் தள்ள, பலகை வில்லாகிவிட்டது. நல்ல பலகைதான். இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டியிருக்கும். திறந்துவைத்த பசை டின்னும் மேலே தோல் கட்டி, உள்ளே ரப்பராக இறுகிக் கிடந்தது.

யார் தலையில் போடுவது? கொட்டேஷனில் ஊரடங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. ஷட்டர்களையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பலகை விலையை நான் தருகிறேன், கூலி உன்னுடையது. சரியா?" என்றார். வக்கீல் எழுதியிருந்தால் நான்கு பக்கம் வந்திருக்கும்.

வளைந்தவற்றை வீணாக்கவில்லை. இரண்டடித் துண்டுகளாக அறுத்தால் வளைவு கண்ணுக்குத் தெரியாது, பரணுக்கு ஷட்டராகிவிட்டன.

22 நவம்பர் 2020, ஞாயிறு

எதிர்பார்க்கவே இல்லை, வேலை கொட்டுகிறது. வீட்டிலிருந்தே அலுவலகம் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் மேசை வேண்டும். பிள்ளைகளின் வகுப்புக்கு இன்னொன்று. பூஜை அலமாரிக்குக் கீழே, பால்கனியில், துவைக்கும் இயந்திரம் இருந்த இடத்தில் என்று மேசை போட்டாகிவிட்டது. ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் தெரியும் சுவரை மட்டும் அலங்கரிக்கச் சொன்னார். கேமரா எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்கே மெல்லிய மரச்சட்டங்களை அடித்தோம். எதிர்ச்சுவரில் பெயின்ட் உரிந்துகொண்டிருக்கிறது. அதை யாரும் பார்க்கப்போவதில்லையாம்.

ஆனால் பலகை, பசை, இழுப்பறை ஓடும் இறக்குமதிச் சேனல் எல்லாமே விலை ஏறிக்கொண்டிருக்கின்றன. முன்பு மூன்று மாதம் செல்லுபடியான கொட்டேஷனில் இப்போது 15 நாட்கள் என்று அச்சடிக்கிறேன்.

20 மார்ச் 2021, சனி

சனிக்கிழமை கூலி நாள். தேர்தல் நேரம், ஆவணமில்லாமல் ரூ.50,000-க்கு மேல் கையில் இருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். இரண்டு சைட்டுக்கும் தனித்தனியாக, வண்டியில் இரண்டு நடை. "பில் வேண்டாம், ரொக்கமாகத் தருகிறேன்" என்று 18 சதவீத வரிக்குப் பயந்து பேரம் பேசியவர் இன்று அவராகவே பில் கேட்டார். ஏப்ரல் ஆறாம் தேதி வாக்குப்பதிவு முடிந்ததும் மாறிவிடுவார்.

6 மார்ச் 2023, திங்கள்

வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றுகின்றன. பொய் என்று காவல்துறை சொல்லிவிட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து விசாரிக்கிறது. ஆனால் என்னிடம் வேலை செய்யும் பையனின் அம்மா கோரக்பூர் பக்கத்து கிராமத்திலிருந்து மணிக்கு ஒரு முறை அழைக்கிறார். வீடியோ காலில் நானே பேசினேன், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். மகனின் கைகால்களைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். ஹோலிக்கு எப்படியும் போவதாக இருந்தான். இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன். துரைப்பாக்கம் வீட்டின் கிரகப்பிரவேசம் அலமாரிக் கதவு இல்லாமல் நடக்கும். திரை போட்டுச் சமாளிக்கலாம்.

9 டிசம்பர் 2023, சனி

மிக்ஜாம் புயல் போன பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளச் சமையலறைகளாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் நின்ற உயரம் ஒவ்வொரு கதவிலும் கோடாகத் தெரிகிறது. இன்று பார்த்த வீட்டில், 'தொழிற்சாலைத் தயாரிப்பு' என்று வாங்கிய கீழ் அலமாரி முழுக்கப் பார்ட்டிகிள் போர்டு. கோட்டுக்குக் கீழே பலகை ஒன்றரை மடங்கு தடித்து, ஓரப்பட்டை வெடித்து, உள்ளிருந்த மரத்தூள் வெளியே வந்திருந்தது. கீலைப் பிடித்து லேசாக இழுத்தேன். திருகாணி நான்கும் கையோடு வந்தன. கிரானைட் மட்டும் கம்பீரமாக மேலே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்க கீழே இனி எதுவும் இல்லை.

2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோருமே தண்ணீர் தாங்கும் 710 தரப் பிளைவுட் கேட்டார்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. இரண்டு மூன்று மழை சரியாகப் பெய்யாமல் போனதும் அந்தப் பேச்சு நின்றது. பளபளப்பும் விலையும் பேச ஆரம்பித்தன. அடுத்த தெருவில் நான் 2016-இல் 710 போட்ட சமையலறையையும் பார்த்தேன். மைக்கா அங்கங்கே உப்பியிருக்கிறது, பெட்டி நிற்கிறது. துருப்பிடிக்காத கீல்களைக் கழற்றிக் கழுவி மாட்டினால் போதும்.

குடும்பத்துக்கு ரூ.6,000 நிவாரணம் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஒரு நல்ல இழுப்பறைச் சேனல் ஜோடியின் விலை எனக்குத் தெரியும் என்பதால் அந்த வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லவில்லை. புதுச் சமையலறைக்கு அட்வான்ஸ் கேட்கவும் வாய் வரவில்லை. கீழே செங்கல் தட்டு கட்டி, அதன்மேல் கடப்பா கல், கதவு மட்டும் அலுமினியம் என்று வரைந்து கொடுத்தேன். பழைய பாணிதான், என் பங்குக்குப் பெரிதாக எதுவும் நிற்காது. அடுத்த வெள்ளத்தில் கழுவிவிட்டு அதிலேயே சமைக்கலாம்.

23 செப்டம்பர் 2025, செவ்வாய்

நேற்று முதல் புதிய ஜிஎஸ்டி. காலையிலிருந்து "எவ்வளவு குறையும்?" என்றே அழைப்புகள். சிமென்ட்டும் ஏசியும் 28-லிருந்து 18-க்கு வந்துவிட்டன. கரும்புச் சக்கையில் செய்யும் பலகை 12-லிருந்து 5. பிளைவுட் அதே 18-இல்தான் இருக்கிறது. இந்த ஆண்டு முதல் பிளைவுட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயமாகியிருக்கிறது. அது நல்லது, ஆனால் மலிவுச் சரக்குக்கு இருந்த விலை இனி இல்லை. இதை விளக்கிச் சொன்னால் நான் மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

மாலையில் ஒரு இளம் தம்பதி, பெண்ணின் அப்பாவும் கூட வந்திருந்தார். சமையலறைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். அழகான படம். இழுப்பறை இரண்டு, கைப்பிடி மூன்று. அடுப்புக்கு மேலே புகைபோக்கி இல்லை, ஜன்னலில் மலை தெரிகிறது, வீடு நாவலூரில். நான் கோபப்படவில்லை. எந்த நிறம் பிடிக்கும் என்று அரை மணி நேரம் பேசிக் கண்டுபிடிக்க வேண்டியதை அந்தப் படம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது. மற்றபடி சுவர் எவ்வளவு கோணல் என்பதை நான்தான் போய் அளக்க வேண்டும்.

பணப் பேச்சு வந்ததும் அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "பாதிப் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு நீங்கள் ஓடிவிட்டால்?" என்று நேராகவே கேட்டார். "பலகைக்கும் கீலுக்கும் என்னிடம் பணமே தர வேண்டாம், சேட்டு கடையில் நீங்களே கட்டுங்கள். எனக்கு வரைபடக் கட்டணமும், வாரக் கடைசியில் தச்சர் கூலியும் போதும்" என்றேன். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன். கடையிலிருந்து எனக்கு வரும் கமிஷன் போய்விட்டது, ஒரே நேரத்தில் நிறைய வீடுகளை எடுக்கவும் முடிவதில்லை. ஆனால் ஒரு வீட்டின் பலகைக்கு இன்னொரு வீட்டை எதிர்பார்ப்பதும் இல்லை. அப்பாவுக்குத்தான் ஏமாற்றம், இன்னும் நெடுநேரம் சண்டை போடத் தயாராக வந்திருந்தார் போலிருக்கிறது.

வியாழக்கிழமை அவர்களை சைடன்ஹாம்ஸ் சாலைக்கு அழைத்துப் போகிறேன். ஆயுத பூஜைக்கு முன்பே பலகை இறங்கிவிட வேண்டும். விலை பேச அப்பா வரலாம், மைக்கா நிறம் எடுக்கும்போது காரிலேயே இருக்க வேண்டும் என்பது மகள் போட்டிருக்கும் நிபந்தனை.