பைக்கை வீட்டில வச்சிட்டு வாங்கோ எண்டு சொல்லப் போய், எங்கட ஒபிஸில ஒண்டரை வருசம் நடந்தது

நான் கிளிநொச்சியில ஒரு தொண்டு நிறுவனத்தில அட்மின் வேலை செய்யிறன். மொத்தம் 31 பேர், மெயின் ஒபிஸ் டவுனில, சின்ன ஒபிஸ் ஒண்டு ஒட்டுசுட்டானில. 2024 தை மாசம் எங்கட மேலதிகாரி சேர் கூப்பிட்டு, எங்களுக்குக் காசு தாற டோனர் கேட்டிருக்கினம், எங்கட ஆக்கள் வேலைக்கு வந்து போறதிலயும் கிராமங்களுக்கு பீல்ட் போறதிலயும் எரிபொருளைக் குறைக்க ஒரு திட்டம் போடோணும், நீங்கள் பொறுப்பெடுங்கோ எண்டார். டோனர் கேக்காட்டியும் எனக்கு இதில மனசு இருந்தது. 2018 மார்கழி வெள்ளத்தில எங்கட அம்மா வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நிண்டது, ஒரு வருசம் வயல் வெள்ளத்தில அழியுது, இன்னொரு வருசம் வெயிலில கருகுது, இதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது எண்டு கன நாளா யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.

முதல் செய்தது பிழை. ஒரு சர்க்குலர் அடிச்சு நோட்டிஸ் போட்டில ஒட்டினன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பைக் இல்லாத நாள், பஸ்ஸில வாங்கோ, சைக்கிள்ல வாங்கோ, நடந்து வாங்கோ எண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிச்சா காலநிலையைக் குழப்பிற காபனீரொட்சைட்டு கிட்டத்தட்ட 2.3 கிலோ வரும், டீசல் எண்டா 2.7 கிலோ அளவில வரும் எண்டு கீழ கணக்கும் போட்டு விட்டன். முதல் வெள்ளி 14 பேர் பைக் இல்லாம வந்தினம். ரெண்டாவது வெள்ளி 8 பேர். மூண்டாவது வெள்ளி மூண்டு பேர், அதில ஒராள் நான்.

ஏன் இப்பிடி எண்டு விளங்காம நிக்கேக்க எங்கட சீனியர் பீல்ட் ஒபிசர் அண்ணை ஒராள், ஓய்வுக்கு கிட்டவா வந்திட்டார், ரீ குடிக்கிற இடத்தில இருத்தி வச்சுச் சொன்னார். "தங்கச்சி, சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோலே உள்ளுக்க விடேல்ல. நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினனான், வீடு முழுக்க புகை மணம். இடம்பெயரேக்க சைக்கிள்லதான் நெல்லு மூட்டை, அம்மா, கோழி எல்லாம் கட்டிக்கொண்டு போனனான். 2022இல திரும்ப லைனில நிண்டனான், ராத்திரி பகலா. இப்பதான் லீசிங் கட்டி ஒரு பைக் வச்சிருக்கிறன். நீங்கள் வந்து சைக்கிள்ல வா எண்டா எனக்கு அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போ எண்டு சொன்ன மாதிரிக் கிடக்கு."

எனக்கு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்க வரேல்ல. நானும் அதே தடைக் காலத்தில வளந்தனான்தான். எங்கட சனத்துக்கு பைக் எண்டது ஆடம்பரம் இல்ல, மரியாதை, அதோட ராத்திரியில பிள்ளைக்கு காய்ச்சல் எண்டா ஆஸ்பத்திரிக்கு ஓடுறதுக்கும் அதுதான். இதை விளங்கிக்கொள்ளாம வெளியில எங்கயோ செய்தினம் எண்டு கொண்டந்து இஞ்ச ஒட்டினா ஆர் கேப்பினம். அண்டைக்கே போய் சர்க்குலரைக் கழட்டினன்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில, ஆவணி போல, கோட் காட்டி அளவா எடுக்கிற கியூஆர் முறையில பைக்குக்கு கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தவை, விலை லீற்றர் 470 ரூபா வரைக்கும் போய் நிண்ட பெற்றோல், அந்த நேரம் எங்கட ஒபிஸே சைக்கிள்லயும் பஸ்ஸிலயும்தான் ஓடினது, வேலை ஒண்டும் நிக்கேல்ல. 2023 புரட்டாதி முதலாம் திகதியோட கியூஆர் நிண்டவுடன எல்லாரும் பழையபடி. அப்ப ஏலாத காரியம் இல்ல, கட்டாயத்தில செய்ததை ஒராளும் விரும்பிச் செய்ய மாட்டினம், அவ்வளவுதான். விரும்பிச் செய்யோணும் எண்டா அவைக்கு அதில நட்டம் வரக்கூடாது எண்டு எனக்கு அப்பதான் பிடிபட்டுது.

பிறகு ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு 31 பேரிட்டயும் ஒவ்வொராளா இருந்து கதைச்சன், எங்க இருந்து வாறீங்கள், எத்தனை மணிக்கு வெளிக்கிடுறீங்கள், பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில இறக்கோணும், பைக்குக்கு லீசிங் இருக்கோ, பின்னேரம் ஆர் வீட்ட இருப்பினம், எல்லாம். மூண்டு கிழமை எடுத்தது. என்னைக் கேட்டா முழு வேலையிலயும் பிரயோசனமான வேலை இதுதான்.

அதில முதல் தெரிஞ்சது, கனபேர் பைக்கில வாறது வீட்டுக்கும் ஒபிஸுக்கும் இடையில ஓடுறதுக்காக இல்ல. ஒபிஸுக்கு வந்து சைன் வச்சிட்டு பத்து மணிக்கு பீல்ட் போக பைக் வேணும், அதுக்காகத்தான் அதைக் கொண்டு வருகினம். பீல்ட் எந்த நாள் எண்டு நிச்சயம் இல்லாததால ஒவ்வொரு நாளும் கொண்டு வரவேண்டிக் கிடக்கு. அதோட ஒரே நாளில ஒரே கிராமத்துக்கு எங்கட மூண்டு புரொஜெக்ட்டில இருந்து மூண்டு பேர் மூண்டு பைக்கில தனித்தனியா போயிருக்கினம், ஓட்டம் எழுதுற ரன்னிங் சார்ட்டையும் போக்குவரத்துக் காசு கேட்டு எழுதுற கிளெய்மையும் பக்கத்தில வச்சுப் பாக்கேக்க தெரிஞ்சுது. அந்த ஊர்ச் சனமும் ஒரு நாளைக்கு மூண்டு மீற்றிங்குக்கு வந்து இருந்திருக்குங்கள், பாவங்கள்.

ரெண்டாவதுதான் எனக்கு ஆகக் கவலையா இருந்த விசயம், எங்கட கிளெய்ம் முறையே ஆக்களை பைக்குக்குத் தள்ளுது. பைக்கில பீல்ட் போனா கிலோமீட்டருக்கு இவ்வளவு எண்டு கணக்குப் போட்டு மாச முடிவில காசு வரும். பஸ்ஸில போனா ரிக்கற் கொண்டு வா எண்டு அக்கவுண்ட்ஸில கேப்பினம். பிரைவேட் பஸ்ஸில கனக்க நேரம் ரிக்கற் தாறதே இல்ல, கேட்டா கொண்டக்டர் ஒரு மாதிரிப் பாப்பார், சனம் நெருக்குப்பட்டு நிக்கேக்க ஆர் கேக்கிறது. எங்கட ஒபிஸில வேலை செய்யிற பிள்ளை ஒண்டு ரெண்டு வருசமா முள்ளியவளைப் பக்கம் பஸ்ஸிலதான் பீல்ட் போறவ, ஒரு சதமும் கிளெய்ம் பண்ணேல்ல, ரிக்கற் இல்லாததால. புகை குறைவா விட்ட ஆள் தன்ர சம்பளத்தில கைக்காசு போட்டிருக்கிறா, அது எங்கட கண்ணுக்கு முன்னால நடந்திருக்கு. இதை மீற்றிங்கில சொல்லேக்க எனக்கு குரல் தளதளத்துப் போச்சு.

அக்கவுண்டன்ற் அக்கா நல்ல மனுசி, ஆனா கணக்குச் சரிபாக்கிற ஓடிற்றர் வந்து கேட்டா நான் என்ன காட்டுறது எண்டு நிண்டா, அவவில பிழை சொல்ல ஏலாது. ரெண்டு மாசம் இழுபட்டுது. கடைசியா ஒரு பேப்பர் வடிவமைச்சம், திகதி, எங்க ஏறி எங்க இறங்கினது, அந்த றூட்டுக்கு உள்ள பஸ் கட்டணம், போனவரின்ர கையெழுத்து, மேல உள்ளவரின்ர கையெழுத்து, இது இருந்தா ரிக்கற் இல்லாமலே குடுக்கலாம் எண்டு நிர்வாக சபையில முடிவெடுத்து எழுத்தில எடுத்தம். எழுத்தில இருந்ததால ஓடிற்றரும் ஏற்றுக்கொண்டார். இதைச் செய்ய நினைக்கிற ஆக்கள் முதல் உங்கட கிளெய்ம் போமைப் பாருங்கோ, போஸ்டர் அடிக்கிறது பிறகு.

லீசிங் கட்டுற ஆக்களுக்கு மைலேஜ் காசு சம்பளத்தின்ர ஒரு துண்டு மாதிரி, அதை வெட்டினா அந்த மாசம் கட்டுக்காசு இடிக்கும். அதால ஒவ்வொராளும் கடைசி ஆறு மாசம் எடுத்த மைலேஜின்ர சராசரியை ஒரு வருசத்துக்கு நிரந்தரமாக் குடுப்பம், அவை பஸ்ஸில போகட்டும் பைக்கில போகட்டும் எண்டு கேட்டன். சேர் உடன ஓம் எண்டேல்ல, அப்ப மிச்சம் எங்க வரும், பிள்ளை, எண்டு கேட்டார். நான் ஒபிஸ் பிக்அப் வாகனத்தின்ர கணக்கைக் காட்டினன். கொழும்புக்கு ஒரு மீற்றிங் போய் வர 660 கிலோமீட்டர் அளவில வரும், பிக்அப் லீற்றருக்கு பத்து ஓடுது எண்டு வச்சாலும் 66 லீற்றர் டீசல், காபனீரொட்சைட்டு 175 கிலோவுக்கு மேல. ஒரு பைக் ஒரு மாசம் முழுக்க ஓடினாலும் அவ்வளவு வராது. எங்கட ஒபிஸில புகை கூட விட்டது பீல்ட் பிள்ளையளின்ர 100 சீசீ பைக் இல்ல, மேல இருக்கிற ஆக்கள் ஏறிப் போற பிக்அப், இதை நான் சேருக்கு முன்னால வச்சே சொன்னன், அவர் கோவிக்கேல்ல. அந்தக் காசுத் திட்டத்துக்கும் கையெழுத்து வச்சார், கொழும்புக்கு இனி தானும் ரெயினிலதான் எண்டார்.

ஆனா அந்த வருசம் மாஹோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில ரெயில் பாதை திருத்த வேலைக்கெண்டு மூடிக் கிடந்தது, வடக்கில இருந்து நேரா கொழும்புக்கு ரெயின் இல்ல, அதால கன மாசம் ராத்திரி பஸ்ஸிலதான் போனார். 2024 ஐப்பசி முடிவில பாதை திறந்த பிறகுதான் ரெயின். சண்டையால 1990இல நிண்டுபோன ரெயின் 2013 புரட்டாதியிலதான் திரும்ப கிளிநொச்சிக்கு வந்தது, அண்டைக்கு ஸ்ரேசனில நிண்டு அழுத சனத்தில நானும் ஒராள், அந்த ரெயினை நாங்கள் ஒபிஸ் வேலைக்கு ஒழுங்காப் பாவிக்கத் தொடங்க இவ்வளவு காலம் எடுத்திருக்கு. சீற் புக்கிங் 30 நாளைக்கு முன்னம் திறந்தவுடன போட்டிடோணும், இல்லாட்டி கிடைக்காது, அதால இப்ப கொழும்பு மீற்றிங் திகதியளை ஒரு மாசத்துக்கு முன்னமே கேட்டு எடுக்கிறன்.

பீல்ட் நாள் செவ்வாய், புதன், வியாழன் எண்டு ஆக்கினம், 2024 ஆனியில இருந்து. ஒரு பக்கம் போற ஆக்கள் எல்லாரும் ஒரே வாகனத்தில, மூண்டு புரொஜெக்ட் எண்டாலும். உள் றோட்டுக்கு ஒட்டுசுட்டான் ஒபிஸில நாலு லுமாலா சைக்கிள் வாங்கி விட்டிருக்கு, விரும்பினவை எடுக்கலாம், கட்டாயம் இல்ல. ஆச்சரியம் என்னண்டா அந்த சீனியர் அண்ணையும் எடுக்கிறார், வாய்க்கால் கரையால போறதுக்கு இதுதான் லேசு எண்டு.

திங்கள், வெள்ளி ஒபிஸ் நாள், அண்டைக்கு பைக் தேவையில்ல. பரந்தன், தருமபுரம், விசுவமடுப் பக்கத்தால ஒன்பது பேர் வருகினம். விசுவமடுவில பள்ளிக்கூட வான் ஓடுற அண்ணை ஒராள் பிள்ளையளை ஏழரைக்கு இறக்கினாப் பிறகு சும்மாதான் நிக்கிறவர், அவரோட கதைச்சு வேலை நேரத்தை எட்டரையில இருந்து எட்டே முக்காலுக்கு மாத்தினம், காலமை கொண்டந்து விடுவார், பின்னேரம் ஏத்திப் போவார், காசில பாதி ஒபிஸ், பாதி அவை. விசுவமடுவில இருந்து போய் வர 45 கிலோமீட்டர் அளவில வரும், அவ்வளவு தூரம் ஓடுற பைக்குக்கு கிட்டத்தட்ட ஒரு லீற்றர், ஒன்பது பேரும் அங்க இருந்து எண்டு பாத்தா ஒன்பது லீற்றர் பெற்றோல், வான் ஐஞ்சு லீற்றர் டீசலில முடிக்குது. புகைக் கணக்கில பெரிய வித்தியாசம் எண்டு சொல்ல மாட்டன், 20 கிலோ 13, 14 ஆகுது. ஆனா மழைக்க நனையாம, ஏ35 றோட்டில டிப்பருக்குப் பக்கத்தால பைக் ஓடாம வருகினம், அதுக்கு நான் கணக்குப் பாக்கேல்ல. புகையை உண்மையாக் குறைக்கிறது எப்பிடியும் ஓடப்போற பஸ்ஸில ஏறுறதுதான், யாழ்ப்பாணத்தால வாற நாலு பேரும் இப்ப அப்பிடித்தான்.

ஒண்டு மட்டும் கைமீறிப் போகப் பாத்தது. கார்த்திகை மாசம், அடைமழை, ஒட்டுசுட்டானில இருந்து மாங்குளம் வரவேண்டிய பிள்ளைக்கு கடைசி பஸ் வரேல்ல. சந்தியில தனிய நிண்டிருக்கிறா. இருட்டினா அந்த றோட்டில யானை இறங்கும், எல்லாருக்கும் தெரியும். ஆறே முக்காலுக்கு எனக்கு கோல் எடுத்து "அக்கா, பயமாக் கிடக்கு" எண்டா. ட்ரைவர் அண்ணை சோத்துக் கோப்பையை வச்சிட்டு அப்பிடியே பிக்அப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். அடுத்த நாள் அவவின்ர அப்பா ஒபிஸுக்கு வந்து இனி என்ர பிள்ளை பஸ்ஸில வராது எண்டு சொல்லிப்போட்டுப் போனார், நான் மறுத்துக் கதைக்கேல்ல, என்ர பிள்ளை எண்டா நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். அதுக்குப் பிறகு ஒரு விதி போட்டம், பின்னேரம் ஐஞ்சரைக்குப் பிறகு பஸ் கிடைக்காம ஆர் நிண்டாலும் ஒபிஸ் வாகனம் போகும், இல்லாட்டி ஓட்டோ பிடிக்கலாம், காசு ஒபிஸ் குடுக்கும், ஏன் எதுக்கு எண்டு ஒருத்தரும் கேக்கப்படாது. செலவு கூடும் எண்டு பயந்தினம், ஆனா இண்டைவரைக்கும் ஆறு தரம்தான் பாவிச்சிருக்கு. அந்தப் பிள்ளை மாசி மாசத்தில திரும்ப பஸ்ஸுக்கு வந்தா, அப்பாவும் ஓம் எண்டிட்டாராம்.

முந்தி கிழமைக்கு ஒருக்கா பிக்அப் டாங் நிரப்பினனாங்கள், இப்ப பத்து பன்னெண்டு நாள் போகுது. மாச மீற்றிங்குக்கு ஒட்டுசுட்டான் ஆக்கள் ஒரு மாசம் விட்டு ஒரு மாசம்தான் நேர வருகினம், மற்ற மாசம் சூமில, கரண்ட் நிக்கிற நாளில போனில.

பூநகரி, முழங்காவில் பக்கத்தால வாற மூண்டு பேருக்குத்தான் இன்னும் ஒண்டும் செய்ய முடியேல்ல. காலமை பஸ் ஒண்டு இருக்கு, ஆனா அது டவுனுக்கு வரேக்க ஒன்பதே கால் தாண்டிடும். அரை மணித்தியாலம் முன்னுக்கு எடுத்தா எங்கட மூண்டு பேர் மட்டும் இல்ல, டவுனுக்கு வேலைக்கு வாற கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஆக்கள், ஆஸ்பத்திரி ஆக்கள், கடைப் பிள்ளையள் எல்லாரும் ஏறுவினம். அந்த றூட்டில நிண்டு ரெண்டு கிழமையா கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறம், இண்டையோட 60 தாண்டிட்டுது. அடுத்த திங்கள் டிப்போவுக்குக் கொண்டு போறன். ஆராவது இப்பிடி பஸ் நேரம் மாத்திக் கேட்டு எடுத்திருந்தீங்கள் எண்டா, ஆருக்குக் கடிதம் எழுதினீங்கள், என்னென்ன இணைச்சுக் குடுத்தீங்கள் எண்டு திங்களுக்கு முன்னம் சொல்லுங்கோ.