ரெண்டு மாசம்னா எத்தனை நாள்?

ஜூன் 14 சாயங்காலம் காசிமேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஐஸ் உடைக்கிற சத்தம், புது பெயின்ட் வாசனை, டீசல் கேன் தூக்கி ஓடுகிறவர்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து நள்ளிரவில் விசைப்படகுகள் கிளம்பும் நாள் அது.

அன்றைக்குப் பார்த்துதான் எங்கள் ஆப் காலை வாரியது. டீசல், ஐஸ், ஏலத்தில் விற்ற தொகை என்று படகுக் கணக்கு எழுதுகிற சின்ன ஆப். ஓனர்கள் திறந்தால் "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்று வந்தது.

டீமில் ஐந்து பேர். சர்வர் ஒழுங்காக ஓடியது. நெட்வொர்க் என்றார் ஒருவர், பழைய போன் என்றார் இன்னொருவர். ஒன்பது மணி வாக்கில் டெஸ்டர் பெண் புகார் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதில் ஃபைபர் போட்காரர் ஒருத்தர்கூட இல்லையே?" என்றார்.

ஃபைபர் படகுக்குத் தடை கிடையாது. அவர்கள் தினமும் ஆப்பைத் திறந்தவர்கள். விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 14-க்குப் பிறகு தொடவே இல்லை. 60 நாள் லாகின் இல்லாவிட்டால் கணக்கை முடக்கு என்று கோடில் ஒரு வரி. தடைக்காலமோ 61 நாள்.

பழைய ப்ராஜெக்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட 60 அது. அதைப் பேசிய மீட்டிங்கில் ராயபுரத்துக்காரன் நானும் தலையாட்டினேன். சின்ன வயதில் தடை 45 நாள்தான், 2017-ல்தான் 61 ஆனது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. இவன் அந்த ஏரியாக்காரன், தப்பென்றால் சொல்வான் என்று மற்றவர்கள் இருந்திருக்கிறார்கள். செக்யூரிட்டி சமாச்சாரம், அவர்கள் யோசித்திருப்பார்கள் என்று நான் இருந்திருக்கிறேன்.

அன்றிரவு ஒவ்வொரு கணக்காகத் திறந்துவிட்டோம். மறுநாள், 60-ஐ 90 ஆக்கலாம் என்றார் ஒருவர். தடைத் தேதிகளையே கோடில் எழுதலாம் என்றேன் நான். மேற்குக் கடற்கரையில், குளச்சல் பக்கம், தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"சரி, முடக்குவதே எதற்கு?" என்றார் அதே பெண்.

வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளை உள்ளே நுழையக் கூடாது, அதற்குத்தான்.

"அவர் போனது ஓனருக்குத் தெரியாதா?"

ஆளை நீக்க ஓனருக்கே ஒரு பட்டன் கொடுத்தோம். அந்த வரியை அழித்தோம்.

வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார். "வஞ்சிரம் எப்ப வரும்னு ரெண்டு மாசமா காலண்டரையே பார்த்துட்டு இருந்தியேடா, அப்பகூட எண்ணலையா?"