அப்பாவுக்கு நிமோனியா ஊசி

அப்பாவுக்கு 71 வயது, மேற்கு மாம்பலம், 20 வருஷமாகச் சர்க்கரை. போன மார்கழியில் சளி என்று ஆரம்பித்தது நிமோனியாவாகி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் என் மகளுக்கு ஆறாவது வாரம், 14வது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அட்டையைப் பார்த்துப் பார்த்து, மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இதே நிமோகாக்கல் ஊசியை இலவசமாகப் போட்டோமே!

பெரியவர்களுக்குக் கைக்காசுதான், சில ஆயிரம் ஆகும். பென்ஷனில் ஓட்டுகிறவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. “இந்த வயசுல எனக்கு எதுக்குடா?” என்றார் அப்பா. இந்த வயதில்தான் ஊசி வேண்டும், அப்பா. எதிர்ப்புச் சக்தி குறையும்போது நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற கிருமி நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவிவிடலாம், ஊசி முக்கியமாகத் தடுப்பது அதைத்தான். எல்லா நிமோனியாவையும் தடுக்காது. இந்தக் கிருமியின் 20 வகைகளுக்கான ஊசி என்றால் ஒன்றே போதும், ஃப்ளூ ஊசி மாதிரி வருஷாவருஷம் வேண்டாம்.

போன வாரம் போட்டாச்சு, இரண்டு நாள் கை வலி, அவ்வளவுதான். எதிர் வீட்டு மாமியும் கேட்டிருக்கிறார், சனிக்கிழமை அழைத்துப் போகிறேன்.