அடுப்படிச் சுவரில் ஆரத்தி

பெயிண்ட் கடையில் ஒரு குடும்பம் நிற்கிறது. ஷேடு கார்டை விரித்து வைத்து ஐவரிக்கும் கிரீமுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாக வழக்கு. ஒருவழியாகச் சந்தன நிறத்தில் சமாதானம் ஆகிறது. கடைக்காரர் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்கிறார்: "ஃபினிஷ் என்ன சார் வேணும்?"

"நல்ல ஃபினிஷா குடுங்க" என்கிறார் குடும்பத் தலைவர்.

அடுப்படியின் அடுத்த ஐந்து வருடத் தலையெழுத்து இந்த ஒரு வரியில் எழுதப்பட்டுவிடுகிறது. நிறம் பிடிக்கவில்லை என்றால் பழகிக்கொள்ளலாம். ஃபினிஷ் தப்பினால் பழக முடியாது, ஏனென்றால் அது தினமும் கையில் துணியோடு நிற்பவரின் பிரச்சினை. அவரை யாரும் கடைக்குக் கூட்டி வருவதில்லை.

ஃபினிஷ் என்பது காய்ந்த பெயிண்டின் பளபளப்பு. பளபளப்பே இல்லாத மேட்டுக்கும் (matte) கண்ணாடிபோல் மினுங்கும் கிளாஸுக்கும் (gloss) உள்ள வித்தியாசத்தை இட்லிப் பொடியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பொடியில் நல்லெண்ணெய் கொஞ்சமாக விட்டால் பொடி மேலே தூக்கி நின்று வறண்டு தெரியும். தாராளமாக விட்டால் பொடி முங்கி, மேலே பளபளவென்று எண்ணெய் நிற்கும். பெயிண்டிலும் நிறப்பொடியும் அதைப் பிடித்து வைக்கும் பிசினும் இருக்கின்றன. பொடி அதிகமாகிப் பிசின் குறைந்தால் மேட். மேற்பரப்பு கரடாக இருப்பதால் வெளிச்சம் சிதறிப்போகும், சுவரின் மேடு பள்ளம் மறையும். பிசின் கூடக்கூட சாஃப்ட் ஷீன், சாடின், செமி கிளாஸ், கிளாஸ் என்று பளபளப்பு ஏறும், மேல்படலமும் இறுகும்.

வரவேற்பறையில் மேட் ராஜா மாதிரி இருக்கும். அடுப்படியில் அதன் நுண்துளைகள் தாளிப்பு எண்ணெயை வாஞ்சையோடு குடித்துவிடும். குக்கர் விசில் வழியே பருப்புத் தண்ணீர் சுவரில் கோடு போடும்போது, வீட்டம்மா துணியை நனைத்து நாலு தேய் தேய்க்கிறார். கறை பாதி போகிறது, தேய்த்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கிறது. மேட்டை அழுத்தித் தேய்த்தால் கரடு சமமாகி, அந்த இடம் பாலிஷ் போட்டதுபோல் ஆகிவிடும். சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிலா.

மஞ்சள் தெறித்திருந்தால் இன்னும் விசேஷம். குழம்புக் கறையை சோப்புத் தண்ணீரால் துடைத்த உடனே அது ரத்தச் சிவப்பாகும். பயப்பட ஒன்றுமில்லை, மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கிறோமே, அதே வேலைதான். மஞ்சளின் சாயமான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். நல்ல தண்ணீரால் அலம்பினால் மறுபடி மஞ்சளாகும். மிச்சம் இருக்கும் மஞ்சள் வெயில் பட்டால் தானாக வெளுக்கும். ஜன்னலோரச் சுவருக்கு அந்த யோகம் உண்டு. மிக்ஸி வைத்த மூலைக்குக் கிடையாது.

துடைக்கத் தாங்குமா என்று பார்க்க ஐ.எஸ்.ஓ. 11998 என்று ஒரு சோதனை முறையும், அதை வைத்து வகுப்புப் பிரிக்க EN 13300 என்று ஓர் ஐரோப்பியத் தரமும் இருக்கின்றன. ஈரத்தோடு 200 முறை தேய்த்துப் பார்த்து, படலம் 5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகத் தேய்ந்தால் முதல் வகுப்பு, 5 முதல் 20 வரை இரண்டாவது, 20 முதல் 70 வரை மூன்றாவது. தினமும் காரக்குழம்பு வைக்கும் வீட்டில் 200 தேய்ப்பு பொங்கலுக்கும் சித்திரைக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். வாங்கும் பெயிண்டின் விவரத்தாளில் இந்த வகுப்பு இருந்தால், முதல் இரண்டைத் தாண்டி இறங்க வேண்டாம்.

இப்போது மாமியார் பேசுகிறார்: "எங்க காலத்துல அடுப்படிக்கு ஆயில் பெயிண்ட்தான். பத்து வருஷம் அசையாது." பாதி சரி. எனாமல் என்று விற்கும் அந்த ஆயில் பெயிண்ட் துடைக்க சுகம், சந்தேகமில்லை. மீதிப் பாதியில்தான் சிக்கல். வெள்ளை எண்ணெய் எனாமல் இருட்டில் மஞ்சளாகும். வெளிச்சம் பட்ட இடம் அந்த அளவுக்கு மாறாது. மூன்று வருடம் கழித்துக் காலண்டரைக் கழற்றினால் பின்னால் சுத்தமான வெள்ளை இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள், அங்கேதான் நெய் நிறத்தில் ஒரு கட்டம் இருக்கும். இன்னொன்று, புதுப் பூச்சில் சிமெண்டின் காரம் ஈரத்தோடு சேர்ந்து எனாமலின் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். நிஜமாகவே சோப்பு, எண்ணெயும் காரமும் சேர்த்துச் சோப்பு காய்ச்சுகிற அதே கதை. அப்புறம் அது பிசுபிசுத்து, கொப்புளமாகி, அப்பளம்போல் உரியும். ஓதம் காக்கும் சுவரிலும் இதே கதி, ஈரம் வெளியேற வழியில்லை.

நம் ஊர் அடுப்படிக்குச் சுவரில் சாடின் அல்லது சாஃப்ட் ஷீன் எமல்ஷன் (எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்), கூரைக்குப் பூஞ்சைத் தடுப்பு உள்ள மேட். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் இல்லையென்றால் அந்த ஒரு பட்டைக்கு மட்டும் செமி கிளாஸ், அதுவும் டைல்ஸ் ஒட்டும் வரை. ஒரு கம்பெனியின் சாடின் இன்னொன்றின் சாஃப்ட் ஷீனாக இருக்கும், பெயரை நம்பக் கூடாது. 60 டிகிரி கோணத்தில் அளந்த பளபளப்பு எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ 20லிருந்து 40க்குள் இருந்தால் இந்த வேலைக்குச் சரி.

சாடினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, கோள்மூட்டும். மேட் மூடி மறைத்ததையெல்லாம் இது ஊருக்குச் சொல்லும். பட்டி பார்த்தவர் கரண்டியை எங்கே அவசரமாக இழுத்தார், மதியச் சாப்பாட்டுக்கு எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனார் என்பதெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் வரி வரியாகத் தெரியும். அதனால் பட்டி காய்ந்து 180 உப்புத்தாள், பிறகு 320 போட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழும் இடமெல்லாம் பள்ளம். மேஸ்திரி, "பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுடும் சார்" என்பார். மறையாது.

பழைய சுவராக இருந்தால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு. பத்து லிட்டர் வெந்நீரில் நூறு கிராம் சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, கீழிருந்து மேலாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் ஓடி, துடைத்தாலும் போகாத கோடு விழும். நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலம்பி ஒரு நாள் காயவிட வேண்டும். பரண் ஓரம், சுவிட்ச் பலகையைச் சுற்றி, எக்ஸாஸ்ட் ஃபேன் அடி, இந்த மூன்றையும் எல்லோரும் விட்டுவிடுவார்கள் (மெயினை அணைத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்). பிசுக்கின் மேல் அடித்த பெயிண்ட் ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகத் திறந்துகொள்ளும்.

ஏற்கெனவே இருப்பது ஆயிலா எமல்ஷனா என்று தெரியவில்லையா? பஞ்சில் அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்தால் எமல்ஷன் இளகிப் பஞ்சில் ஒட்டும், ஆயில் பெயிண்ட் அசையாது. ஆயில் என்றால் உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்று, அதற்கேற்ற பிரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன். உள்ளங்கையில் மாவாக ஒட்டினால் பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே என்ன அடித்தாலும் அதோடு சேர்ந்து உதிரும்.

கணக்கு எளிது. எட்டுக்குப் பத்து அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 360 சதுர அடி. கதவு, ஜன்னல், மேடையை ஒட்டிய டைல்ஸ் கழித்தால் 250 மிஞ்சும். நன்றாகப் பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி. ஆக இரண்டரை லிட்டர். தனித்தனி லிட்டராக வாங்காமல் ஒரு நாலு லிட்டர் டப்பாவாக வாங்குங்கள், மெஷினில் கலக்கும் நிறம் டப்பாவுக்கு டப்பா ஒரு நூல் மாறும், சாடின் அதையும் போட்டுக்கொடுக்கும்.

அப்புறம் தண்ணீர். எவ்வளவு சேர்க்கலாம் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். ஆனால் கலக்குவது வாளியில், அளப்பது கண்ணால். விருந்தாளி கூடினால் ரசத்தில் செய்வதையே இங்கேயும் செய்துவிடுவார்கள். தண்ணீர் கூடினால் சுவரில் படியும் பிசின் குறைந்து, பளபளப்பு திட்டுத் திட்டாக வரும். ஒரு லிட்டர் அளவுக் குவளையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பது நல்லது.

மூலைகளைப் பிரஷ்ஷால் மடக்கியதும், அது ஈரமாக இருக்கும்போதே ரோலர் வந்து சேர வேண்டும். காலையில் ஓரம், மாலையில் நடு என்று அடித்தால் ஒவ்வொரு சுவருக்கும் ஃபோட்டோ ஃபிரேம் போட்டதுபோல் இருக்கும். ஃபேனை அணைத்துவிட்டு, ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கோட்டுக்குக் கோட்டு குறைந்தது நாலு மணி நேரம், மழைக்காலத்தில் இன்னும் கூட. பின்னாளில் ஒரு கீறல் விழுந்தால், மேட்டில் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிடலாம். சாடினில் தொட்டால் பிளாஸ்திரி ஒட்டியதுபோல் தெரியும், மூலை முதல் மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் அடிக்க வேண்டும். மீந்த பெயிண்டை இறுக மூடி, மூடியில் ஷேடு எண்ணை எழுதி வைப்பது இதற்காகத்தான்.

கடைசிக் கோட் அடித்த அன்றைக்கே சுவர் தொட்டால் ஒட்டாது. உள்ளே இறுக மூன்று வாரமாவது ஆகும். அதுவரை எது தெறித்தாலும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. மோர்க்குழம்பும் சுட்ட அப்பளமுமாக ஓட்டுவது உசிதம். "இன்னிக்கு மீன் வறுவல் இல்லையா?" என்று கேட்பவர் கையில் அந்தத் துணியைக் கொடுத்துவிடுங்கள்.